கோட்டுக்கு ஏறிய கதிர்

எங்கள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவனுக்கு ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். உடம்பில் எவ்வளவு கதிர் ஏறியது என்று அது சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பார்கள். இருபத்தாறு வருஷமாக என் அளவு கிட்டத்தட்ட பூஜ்யம். இந்தத் தடவை தாறுமாறாக எகிறிவிட்டது. கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியம்மா ஓலை அனுப்பிவிட்டார்: ரத்தம் கொடுங்கள், குரோமோசோம் உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அந்தக் கடிதத்தை மகள் கண்ணில் படும்படி வைத்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளுக்கு நாலாம் மாதம்.

“நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே நீங்க எக்ஸ்ரே ரூம்லதானேப்பா இருந்தீங்க? உடைஞ்சது எனக்கு வந்து, என்கிட்டேருந்து இந்தப் பிள்ளைக்கும் போயிருந்தா?” என்று விசும்பினாள்.

“அடியே, உனக்கு என் மூக்கு வந்திருக்கு. அதைவிடப் பெரிய சேதாரம் ஒண்ணும் இல்ல,” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

விஷயம் எனக்குத் தெரியும். பேட்ஜ் குத்திய என் வெள்ளைக் கோட்டை எக்ஸ்ரே அறைக்குள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டு மூன்று மாதம் மறந்து திரிந்திருக்கிறேன். ஏறியதெல்லாம் கோட்டுக்குத்தான். சொன்னால் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் பெண் சாப்பிடமாட்டாள். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போய், அதிகாரியிடம் மென்று விழுங்கி ஒப்புக்கொண்டேன்.

“நல்லவேளை சார்!” என்று அந்தம்மா மூச்சு விட்டார். மகள் முகத்தில் உயிர் வந்தது. அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். விதி யாரை விட்டது!

“கோட்டுல குத்தினதுதான் தப்பு மேடம். முன்னெல்லாம் பேட்ஜைப் பத்திரமா வச்சிருப்பேன்.”

“எங்க?”

“மேஜை டிராயர்ல. தொலைஞ்சா விளக்கம் எழுதித் தரணுமே.”

“எத்தனை வருஷமா?”

“ஆரம்பத்துலேருந்தே...” என்றபோதுதான் எனக்கே உறைத்தது.

அதிகாரி கோப்பை மூடினார். “அப்போ இருபத்தாறு வருஷமா உங்க டிராயர் நல்லா இருந்திருக்கு. உங்களைப் பத்தி எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சார். ரத்தம் குடுத்தே ஆகணும்.”

மகள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் சட்டைக் கையை அவளே முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டாள். பிறகு தன் கையையும் மேஜைமேல் நீட்டினாள்.

“எனக்கும் சேர்த்து எடுங்க மேடம்.”