காலடி மண்

1994 ஆவணியில் பதினாலு வயது சிவகணேஷுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அந்த வாரம் விக்கிரமசிங்கபுரம் சந்தையில் தக்காளி கிலோ நாலு ரூபாய். இரண்டையும் பற்றி மில் குடியிருப்பில் ஒரே மாதிரியான குரலில்தான் பேசிக்கொண்டார்கள்.

முந்தின கார்த்திகையில், பக்கத்து வீட்டு மகேஷை வாய்க்கால் பாலத்தில் வைத்துக் கருங்கல்லால் மண்டையில் அடித்துக் கொன்றவன் இந்த சிவகணேஷ். மகேஷுக்கு அவன் அப்பா தீபாவளி போனசில் புதுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். தனக்கு இல்லாதது அவனுக்கு எதற்கு என்பதுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் கிடையாது. கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் பதின்மூன்று வயது. சிறுவர் கோர்ட்டில், இந்த வயசுக்கு ஜெயில் கிடையாது, அதிகபட்சம் மூன்று வருஷம் சீர்திருத்தப் பள்ளிதான் கிடைக்கும் என்றார்கள். மகேஷின் அம்மா ஆவுடைத்தாய் கூண்டருகே போய் நின்றாள். “கல்லத் தூக்கும்போது பெரிய மனுசன், தண்டனைன்னு வந்தா மட்டும் சின்னப் புள்ளயா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். மில்லில் பாதிப் பேர் அவள் பக்கம். மீதிப் பேர், பிள்ளையைப் பெரிய ஜெயிலில் போட்டால் முழுக் கொலைகாரனாகத்தான் திரும்பி வருவான் என்றார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்.

ஆனால் ஆவுடைத்தாயை அரித்தது நியாயம் இல்லை. முதல் வாய்தாவன்று கோர்ட் வராந்தாவில் சிவகணேஷின் அம்மா சண்முகசுந்தரி, தூக்குவாளியைத் திறந்து மகனுக்குத் தயிர்ச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் ஆவென்று வாயைத் திறந்தான். ஆவுடைத்தாய் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்த வாய்தாவுக்கு அவன் மீசையோடு வந்தான். அதற்கடுத்த வாய்தாவுக்கு முன்வழுக்கை. அவள் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாலைந்து வயது ஏறியது. கோர்ட் சிப்பந்திகள் கால்சட்டையை மாற்றி வேட்டி வாங்கிக் கொடுத்தார்கள்.

திருஷ்டி என்று சண்முகசுந்தரிக்கு உடனே தெரிந்துவிட்டது. கண் வைத்தவரின் காலடி மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து, தலையைச் சுற்றி அடுப்பில் போட வேண்டும். கோர்ட் பியூனில் தொடங்கி, பிள்ளை இல்லாத தன் நாத்தனார் வரைக்கும் எல்லார் காலடி மண்ணையும் திருடி, காவலில் இருந்த மகனின் பழைய சட்டைக்குச் சுற்றிப் பார்த்தாள். மிளகாய் நெடி தெருவையே தும்ம வைத்தது. திருஷ்டி கழிந்தால் நெடி வராது. ஆவுடைத்தாயை மட்டும் அவள் நினைக்கவேயில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதற்காகப் பொறாமைப்படப் போகிறாள்? ஊரும் அப்படித்தான் நினைத்தது. ஊருக்கு எப்போதுமே அறிவு பிந்தித்தான் வரும்.

அரசு வக்கீல் திருஞானசம்பந்தம், இனி இவனைப் பெரிய ஜெயிலுக்கு மாற்றலாமே என்றார். டாக்டர் சோதித்து, எலும்புக்கு ஐம்பது வயது, கடைவாயில் ஒரு பால்பல் ஆடுகிறது என்று எழுதிக் கொடுத்தார். மாஜிஸ்ட்ரேட் அம்மா பிறப்புச் சான்றிதழையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த வாய்தாவில் முடிவு சொல்வதாக எழுந்து போனார். ஆவுடைத்தாய் ஜெயிக்கப் போகிறாள் என்று குடியிருப்பே சொன்னது.

அன்று சாயங்காலம் சண்முகசுந்தரி ஆவுடைத்தாய் வாசலில் வந்து நின்றாள். மண் எடுக்காத கால் இனி அவளுடையது மட்டும்தான்.

“யக்கா, ஒங்க காலடி மண்ணு வேணும். திருட வந்தேன். இங்கன பூராவும் சிமிண்டு தரையா இருக்கு.”

“எனக்கு ஒம்மேல பொறாமன்னு சொல்லுதியா?”

சண்முகசுந்தரி முந்தானையை விரித்து ஏந்தினாள்.

“ஆமாட்டி, பொறாமதான். ஒம்புள்ள தூக்குல தொங்குனாலும் அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நீ அவனுக்குச் சோறு கொண்டுபோவ. நான் யாருக்குக் கொண்டுபோவேன்?”

“நானும் ஊட்டி மூணு மாசமாச்சுக்கா. எங்க அய்யா வயசுல உக்காந்திருக்கான். ஆ காட்டுன்னு சொல்ல நாக்கு எழும்பல.”

ஆவுடைத்தாயின் வயிற்றெரிச்சல் அப்போதே அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை.

“அந்தக் கிழவன் யாருன்னே எனக்குத் தெரியாது. அவன ஜெயில்ல போட்டு எனக்கு என்னட்டி ஆவப் போவுது? எம்புள்ளயக் கொன்னது பதிமூணு வயசுப் பய. அவன்தான் அனுபவிக்கணும். அவனக் கூட்டிட்டு வா.”

சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, பம்புக் குழாய்க்குப் பின்னால் இருந்த மண்தரைக்கு நடந்தாள். வலது காலை அழுத்தி ஊன்றி எடுத்தாள். “எடுத்துக்கோ,” என்றாள்.

மிளகாய் வெடித்தது. ஒருவருக்கும் தும்மல் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்கு சிவகணேஷ் இடுப்பில் நிற்காத வேட்டியைப் பிடித்துக்கொண்டு பதினாலு வயதுப் பையனாக வந்தான். மூன்று வருஷம் என்று தீர்ப்பானது. பிள்ளையாகத் திரும்பியவன் அன்றுதான் முதல்முறையாக, மகேஷ் எங்கே என்று கேட்டு ஏங்கி ஏங்கி அழுதான்.

ஆவுடைத்தாயின் பொறாமை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஞாயிறுதோறும் சண்முகசுந்தரி தூக்குவாளியோடு பஸ் ஏறப் போகும்போது, இவள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மகேஷின் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம் ஒரு ஞாயிறு தவறாமல் பார்த்தாள். முதல் வருஷம் போட்டோவில் மகேஷின் கழுத்து நீண்டது. மறுவருஷம் அரும்புமீசை. மூன்றாம் வருஷம் பள்ளிக்கூடச் சட்டை தோளில் இறுகி, தலை சட்டத்தில் முட்டியது.

1997இல் சிவகணேஷ் வெளியே வந்த வாரம், அவள் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வண்ணார்பேட்டைக்குப் போனாள். சட்டம் போடும் அருமைநாயகம் அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். நாடாவை வைத்து அளந்தார்.

“இன்னும் வளருவானா, தாயி?”

“வளருவான் அண்ணாச்சி.”

“அப்பம் ரெண்டு இஞ்சு கூடவே போட்டுருதேன்,” என்றார்.