முப்பதாயிரத்து முப்பத்தொன்று

கணக்கு ஆசிரியரும் கணக்கு ஆசிரியையும் கல்யாணம் செய்துகொண்டால் வீட்டில் சண்டையே வராது என்று சொன்னவர்களை, அன்று காலை அந்தச் சமையலறையில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும். இருவருக்கும் ஒரே பள்ளி. இப்போது கணக்குத் துறைத் தலைமைக்கு இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள். பத்து மணிக்குத் தேர்வுக் குழு முன்னால் இருவரும் தனித்தனியே மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.

கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒத்திகை பார்த்தார். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்று. இந்த ஆறு பகா எண்களையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031. ஆறில் எதனால் வகுத்தாலும் ஒன்று மிஞ்சும். "ஆகவே, இதுவும் பகா எண்."

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கை நின்றது. இந்தத் தப்பைக் கணக்கு படித்தவர்கள்தான் செய்வார்கள். மற்றவர்கள் இவ்வளவு தூரம் வரவே மாட்டார்கள்.

"அந்த ஆறு எண்ணாலதான வகுபடாது? பதிமூணுக்கு மேலயும் பகா எண் இருக்கே. அம்பத்தொன்பதால வகுத்துப் பாருங்க, ஐநூத்தி ஒன்பது வரும்."

"போட்டிக்கு நிக்கிறவ நீ. கிளம்புற நேரத்துல என்னைக் குழப்பிவிடப் பாக்கறியா?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் மறுபடி பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

குழுவில் தாளாளரும் இரண்டு பெரிய மனிதர்களும் இருந்தார்கள். மூவருக்கும் கணக்கு என்றாலே தூரத்துச் சொந்தம். கணவர் 30031ஐப் பலகையில் பெரிதாக எழுதி, பகா எண் என்று அடியில் இரண்டு கோடு போட்டார். "என்ன அழகா புரியவச்சீங்க சார்" என்று தாளாளர் சொக்கிப்போனார்.

அடுத்தது அவள் முறை. சுண்ணக்கட்டியைக் கையில் எடுத்தாள். 59 × 509. இதை எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்? எழுதினால் பதவி அவளுக்குத்தான். ஆனால் நாலு பேர் முன்னால் அவரைத் தலைகுனிய வைக்கப் பாழும் மனசு இடம் கொடுக்கவில்லை. பலகையைத் துடைத்துவிட்டுத் தன் பாடத்தை ஆரம்பித்தாள். அதிலும் நாக்கு நாலு இடத்தில் தடுக்கியது.

மாலையே முடிவைச் சொல்லிவிட்டார்கள். கணவர்தான் தலைவர்.

பஸ் நிறுத்தத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்: "இப்பவாவது வகுத்துப் பாருங்க. நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி அசிங்கமாயிடும்."

"வகுத்தாச்சு. வகுப்புக்கு முன்னாடியே போன்ல போட்டுப் பாத்துட்டேன். நீ சொன்னது சரிதான்."

"தெரிஞ்சேவா அப்படிச் சொன்னீங்க?"

"கடைசி நேரத்துல வேற பாடத்துக்கு எங்க போறது? அந்த மூணு பேருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல. தெரிஞ்சது உனக்கு மட்டும்தான். நீ சொல்லமாட்ட."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னார். எண்ணைத் தப்பாகக் கணக்குப் போட்ட மனிதர் பெண்டாட்டியை எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டுவைத்திருக்கிறார். காலையில் தன் கையில் இருந்த சுண்ணக்கட்டியை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

பஸ் வந்தது. அவர் முதலில் ஏறி, பக்கத்தில் ஓர் இடம் பிடித்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார். அவள் வீடு வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள்.