இராமையாவின் முதுகு

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவில் எந்த மலையில் மண் வெடித்தாலும் அதே வெடிப்பு, அதே வளைவோடு, இராமையாவின் முதுகிலும் விழுந்தது. முதல் வெடிப்பை அவர் மனைவி வீரம்மா கண்டது ஒரு தீபாவளிக் காலையில், எண்ணெய் தேய்க்கும்போது. இடது தோள்பட்டைக்குக் கீழே மயிரிழையாய் ஓடியது. தொட்டால் ஈரம், முகர்ந்தால் மழைமண். வலி இல்லை. மூன்றாம் நாள் ஏழாம் நம்பர் மலை அதே கோட்டில் பிளந்து, இருநூறு தேயிலைச் செடிகளோடு ஓடைக்குள் இறங்கியது.

அதன்பிறகு பதினொரு வருடம் வெடிப்புகள் மழையோடு வந்தன, வெயிலோடு ஆறின. வீரம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது; தெரியக்கூடாது என்று இராமையா சொல்லியிருந்தார். அவருடைய தாத்தாவை, காலையில் ஆள் கூடும் பெரட்டுக் களத்தில், முன்னூறு பேர் பார்க்கச் சட்டையைக் கழற்றவைத்து அடித்தான் ஒரு வெள்ளைக்காரத் துரை. அன்றிலிருந்து அந்த வீட்டு ஆண்கள் வெளியார் முன் சட்டை கழற்றியதில்லை. மாரியம்மன் திருவிழாவில் மற்ற ஆண்கள் வெற்றுடம்போடு தேர் இழுக்க, இராமையாவும் தம்பி செல்லசாமியும் கழுத்துவரை பித்தான் போட்டு வடம் பிடிப்பார்கள். ஊர் அதை மதித்தது.

பன்னிரண்டாம் வருடம் ஆனி மழையில் வெடிப்பு முதுகுத்தண்டைத் தாண்டி, மலையில் மூன்றாம் லயம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. செல்லசாமி குடியிருந்தது அந்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். இராமையா தம்பியிடம் சொன்னார்.

"ஆபிசு சொன்னாத்தான் தங்கறதுக்குப் பள்ளிக்கூடத்தத் தொறப்பாங்க. சொல்லாம புள்ளகுட்டியோட எங்கண்ணே போறது?" என்றார் செல்லசாமி.

"ஆபிசுல காட்டிட்டு வாங்க. சட்டையக் கழட்டினா தேஞ்சா போயிருவீங்க?" என்றாள் வீரம்மா.

"வாயால சொன்னாப் போதும். எம் பேச்ச எவனும் தட்டினதில்ல."

தோட்ட ஆபிசில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பொறுமையாகக் கேட்டார். "பெரியவரே, முதுகு வெடிச்சா டிஸ்பென்சரிக்குப் போங்க. மலை வெடிச்சா எங்கிட்ட வாங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இராமையாவின் கை சட்டையின் மேல் பித்தான்வரை போனது. அது சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கியது. மறுநாள் காலை மூன்றாம் லயத்தின் நாலு காம்பரா வீடுகள் மண்ணோடு போயின. செல்லசாமியும் அவர் மனைவியும் அதில் போனார்கள். அவர்கள் மகள் பிரேமினி கொழுந்தெடுக்கப் போயிருந்ததால் மிஞ்சினாள்.

அடுத்த தையில், மழை ஓயுமுன்னே, நாடு முழுவதற்கும் மண்சரிவு அபாய வரைபடம் போடுகிறவர்கள் வந்தார்கள். அவர்கள் கருவிகளை இறக்குமுன் இராமையா பெரட்டுக் களத்துக்கு நடந்துபோய், தாத்தா நின்ற இடத்தில் நின்று, அத்தனை பேர் பார்க்கப் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அன்றைக்குத் தொண்ணூறு பேர்தான் இருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிங்கள அதிகாரிப் பெண், "சீயா, ஆடாம இருங்க" என்று, தாத்தா என்ற சொல்லைச் சிங்களத்திலும் மீதியை அரைத் தமிழிலும் சொல்லி, எண்ணெய்த்தாளை முதுகில் வைத்துக் கோடுகளைப் படியெடுத்தாள். மலையில் அளந்தபோது ஒரு முழம்கூடப் பிசகவில்லை. நாட்டு வரைபடத்தில் அந்தத் தோட்டம் கடுகளவு. இராமையாவின் முதுகில் கக்கூஸ்கூடத் தெரிந்தது.

வரைபடம் அச்சாகி வந்தது. லயங்கள் எல்லாம் சிவப்பு. நிர்வாகியின் பங்களாவும் அதைச் சுற்றிய தேயிலையும் வெள்ளை. கூடவே ஒரு கடிதம்: உடனே வெளியேறவும், தங்கினால் பொறுப்பு தங்குகிறவர்களுடையது. எங்கே போவது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. நல்ல தேயிலையைப் பிடுங்கிவிட்டு வீடு கட்ட முடியாது என்றது நிர்வாகம். அதற்குப் பிறகு எவரும் வரவில்லை.

இப்போது மழை பிடித்தால், வேலை விடுகிற நேரத்துக்கு இராமையா காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் முக்காலி போட்டு, சட்டையில்லாமல், பாதைக்கு முதுகைத் திருப்பி உட்கார்ந்துவிடுகிறார். கூடையை இறக்காமலே பெண்கள் நின்று பார்க்கிறார்கள். வெடிப்பு தங்கள் லயத்துக்கு மேலே இருந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். சாவியை இப்போது ஆபிசில் யாரும் கேட்பதில்லை, பூட்டை உடைத்தாயிற்று. முதலில் வருவது எப்போதும் பிரேமினி. தகப்பன் செத்த நாளிலிருந்து அவள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்ததில்லை. முதுகை மட்டும் மேலிருந்து கீழே ஒருதரம் பார்ப்பாள்.

"இன்னைக்கி தூங்கலாம்" என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போவாள். கடைசி ஆள் பார்த்துப் போகும்வரை இராமையா சட்டையைத் தொடுவதில்லை.