மத்தியானக் கவலை

"உனக்குக் கவலைப்படறதுக்கு எந்த நேரம் தோதுப்படும்?"

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்பார்களா? கணீர் கேட்டாள். முகத்தில் சிரிப்பில்லாமல், கல்யாணத்துக்கு நாள் குறிக்க வந்தவளைப் போலக் கேட்டாள்.

கணீர் என்பது சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். துணி உலர்த்தும் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடும்போதும் அவள் பேசுவது தனியாகக் கேட்கும். கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டதோ அவளுக்குக் குருவி என்று பெயர். பின்னால் யாராவது தும்மினால் போதும், ஓரடி எம்பிக் குதித்துவிட்டுத்தான் யாரென்று திரும்பிப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை மடிக்கிற மேசையில் இரண்டு பேரும் ஜோடி. பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, இழுத்து, ஒரு உதறு உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும்.

அன்று காலையில் முனைகள் சேரவில்லை. குருவியின் கை அப்படி நடுங்கியது. ஒரு விரிப்பு நழுவித் தரையில் விழுந்தது. தரையில் பட்டால் அது மறுபடி அழுக்குத் துணிதான், திரும்பவும் தண்ணீருக்குப் போக வேண்டும். அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததை விழாமல் பிடித்துக்கொண்ட கணீர், குருவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். குளிர்ந்த தண்ணீரில் இரண்டு கையையும் நீட்டச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கேட்டாள், எந்த நேரம் தோதுப்படும் என்று.

குருவியின் நடுக்கத்துக்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். சலவை வேலையை ஆஸ்பத்திரி வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுக்கப் போகிறது. இப்போது இருப்பவர்களில் சிலரை மட்டும் அந்தக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். யார் யாரை என்பது விரைவில் தெரிவிக்கப்படும் என்று ஒரு தாளை வாசல் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டி ஒரு பருவமே மாறிவிட்டது. தாளின் மூலை சுருண்டு மஞ்சளாகிக்கொண்டிருந்தது, விரைவு மட்டும் வரவில்லை. குருவியின் புருஷன் சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. அந்த வீட்டில் நம்பி உட்காரக்கூடிய சம்பளம் குருவியுடையது ஒன்றுதான்.

"எனக்கு நேரம் எங்கடி இருக்கு? விடிஞ்சதுலேருந்து இதே வேலைதான்" என்றாள் குருவி.

"அதான் கேட்கறேன். ராப்பகலா கடையைத் திறந்து வச்சிருந்தா யாரால தாங்க முடியும்? ஒரு நேரம் வை. சாப்பிட்டதுக்கப்புறம் துணி காயப் போடறோம்ல, அந்த மெஷின் மணி அடிக்கிற வரைக்கும் வச்சுக்கோ. அப்போ ஆசை தீரக் கவலைப்படு. நானும் கூட உட்கார்றேன். மத்த நேரத்துல வந்துச்சுன்னா மத்தியானம் வா, இப்போ வேலையா இருக்கேன்னு சொல்லி அனுப்பிடு."

"சொன்னா கேட்குமா?"

"எங்க மாமியாரே கேட்கறாங்க. கவலை கேட்காதா?"

அன்று மத்தியானம் உலர்த்தும் இயந்திரங்களுக்குப் பின்னால் இரண்டு கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். முதுகில் இதமான சூடு. குருவி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"ம், ஆரம்பி" என்றாள் கணீர்.

"காலையிலேருந்து வரிசை கட்டி நின்னுச்சு. இப்போ ஒன்னையும் காணோம்."

"அதுங்களும் சாப்பிடப் போயிருக்கும். இரு, வரும்."

வந்தன. வேலை போய்விட்டால் வாடகைக்கு எங்கே போவது, வீட்டுக்காரம்மா பார்க்கிற பார்வையை எப்படித் தாங்குவது, புருஷன் ஏணியிலிருந்து விழுந்துவிட்டால், தனக்கே இந்தப் படபடப்பு முற்றி இதயம் நின்றுவிட்டால். கணீர் ஒன்றுக்கும் ஆறுதல் சொல்லவில்லை. அப்படியெல்லாம் நடக்காது என்று ஒரு வார்த்தை வரவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் எழுந்து கூடையைக் காலால் தள்ளினாள். "முடிஞ்சுது. மிச்சம் நாளைக்கு."

அது வழக்கமாகிப் போனது. காலையில் பேருந்தில் வரும்போதே ஒரு கவலை வந்துவிட்டால், மத்தியானம், மத்தியானம் என்று குருவி உள்ளுக்குள் சொல்லிக்கொள்வாள். சொன்னதும் போய்விடாது. ஆனால் வாசலில் நிற்கிறவரிடம் உட்காருங்கள், வருகிறேன் என்று சொன்ன மாதிரி கொஞ்சம் அடங்கி உட்காரும். மத்தியானத்துக்குள் பாதி ஊசிப்போயிருக்கும். காலையில் அவ்வளவு பெரிதாக இருந்ததை வாய்விட்டுச் சொல்லும்போது அவளுக்கே சப்பென்று இருக்கும்.

செய்தி பரவியது. ஒரு நாள் இஸ்திரி போடுகிற பெரியம்மா வந்து மூன்றாவது கூடையைக் கவிழ்த்தாள்.

"எங்க எதிர்வீட்டுப் பொண்ணு இருக்காளே, அவ மாப்பிள்ளை..."

"பெரியம்மா, அடுத்த வீட்டுக் கவலைக்கு இங்க இடமில்ல. சொந்தமா இருந்தா உட்காருங்க" என்றாள் கணீர்.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்போ முழங்கால் இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

மடித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டால் அதற்கு வேறு வைத்தியம். குருவியின் மூச்சு மாறுவது மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவளுக்குத் தெரிந்துவிடும்.

"கையில என்ன இருக்கு?"

"துணி."

"எந்த வார்டு?"

"குழந்தைங்க வார்டு."

"சூடா இருக்கா, ஆறிடுச்சா?"

"சூடாத்தான் இருக்கு."

"என்ன படம்?"

"யானை."

"காலெல்லாம் சரியா இருக்கா பாரு."

"ஒன்னு வெளுத்துப் போச்சு. நொண்டியடிக்குது" என்று சொல்லும்போது குருவிக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்த பிறகு மூச்சு தானாகச் சீராகும்.

வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. முன்பெல்லாம் அவள் புருஷன், குடையை எடுத்துக்கோ என்று சொல்வதைப் போல, கவலைப்படாதே என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். இப்போது அவள் முகம் வாடினால், "மத்தியானத்துக்கு எடுத்து வை" என்றார். ஒரு நாள் கிளம்பும்போது, "என்னோடதும் ஒன்னு இருக்கு, சேர்த்து எடுத்துட்டுப் போறியா? மழை வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

"அங்க சொந்தக் கவலைக்குத்தான் அனுமதிங்க."

"நான் உனக்குச் சொந்தமில்லையா?"

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில நாள் மத்தியானம் போதாமல் போகும். மணி அடித்த பிறகும் அழுகை நிற்காமல் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள். வெளிக் கம்பெனியின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, ஒவ்வொரு மேசையாக நின்று வேடிக்கை பார்ப்பதைப் போலப் பார்த்துவிட்டுப் போன வாரம் அப்படித்தான் இருந்தது. கூடையில் உட்கார்ந்தவள் முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"வேலை போறதுகூடப் பரவாயில்லடி. போகுதா இல்லையான்னு தெரியாம இருக்கேன் பாரு, அதுதான் கொல்லுது. யாராவது என்னைக் கூப்பிட்டு, இதுதான் முடிவுன்னு சொல்லிட்டா அழுதுட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன்."

கணீர் அன்று "அப்புறம்?" என்று கேட்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மறுநாள் மேசைக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தாள்.

"எங்க போயிருந்தே?"

"மேலாளரைப் பார்க்கப் போனேன். ஒரு சின்ன விஷயம்" என்று சொல்லி விரிப்பின் முனையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். முதல் ஆளாகக் குருவியைக் கூப்பிட்டார்.

அந்த அறைக்குள் அவள் மனத்தளவில் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். போன தடவையெல்லாம் மயங்கி விழுந்திருக்கிறாள். இப்போது நிஜமாகவே நாற்காலி இருந்தது, மின்விசிறி ஓடியது, மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. எதிரில் இருக்கிறவரின் கண்ணைப் பார்த்துக் கெட்ட செய்தி சொல்லத் தெரியாதவர்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா அந்தக் கம்பெனி எடுத்துக்கறவங்கள்ல உங்க பேர் இல்ல. நாளையிலேருந்து வேலை அவங்க கைக்குப் போகுது."

குருவி தன் நெஞ்சு படபடக்கும் என்று காத்திருந்தாள். அது சீராகத்தான் துடித்துக்கொண்டிருந்தது.

"காரணம் ஏதாவது சொன்னாங்களா சார்?"

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "உடம்புக்கு முடியாதவங்க யாராவது இருக்காங்களான்னு கம்பெனியில கேட்டிருந்தாங்க. போன வாரம் உங்க ஜோடி என்கிட்ட வந்தாங்க. நீங்க நெஞ்சுப் படபடப்பால ரொம்பக் கஷ்டப்படறீங்க, எந்த முடிவா இருந்தாலும் உங்களுக்கு முதல்ல சொல்லிடுங்க, காக்க வைக்காதீங்கன்னு கேட்டாங்க. நியாயமாப் பட்டுச்சு. கம்பெனிக்காரங்ககிட்டயும் நான் அப்படியேதான் சொன்னேன், கொஞ்சம் பார்த்துப் பேசுங்கன்னு. அவங்க அதை நோயின்னு எடுத்துக்கிட்டாங்க." பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "அந்தப் பொண்ணு மேல கோபப்படாதீங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க."

"அவளுக்கு வேலை இருக்கா சார்?"

"இருக்கு."

குருவிக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதன் பின்னாலேயே கசப்பாக இன்னொன்று வந்தது. இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"இதுதான் காரணம்னு அவளுக்குத் தெரியுமா?"

"இல்லம்மா. இனிமேதான் அவங்களைக் கூப்பிடணும்."

"சொல்லாதீங்க சார். இது ஒன்னு மட்டும் எனக்காகப் பண்ணுங்க."

அவர் சரியென்று தலையை ஆட்டினார். முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார்.

மேசையில் கணீர் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். மற்ற இரண்டும் தரையில் கிடந்தன. குருவி குனிந்து விரிப்பை வாங்கி அழுக்குக் கூடையில் போட்டாள்.

"என்னடி?"

"நான் இல்ல. நீ இருக்கே."

கணீரின் குரல் பக்கத்தில் நின்றவளுக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு இருந்தது.

"எப்படிடி? இங்க உன்னை மாதிரி மடிக்க யார் இருக்கா? நான் போய்க் கேட்கறேன். எல்லாரையும்விட உனக்கு முன்னாடியே சொல்லுங்கன்னு நான்தானே அவர்கிட்ட..." பாதியில் நின்றாள். குருவியின் முகத்தில் எதையோ தேடினாள். "காரணம் ஏதாவது சொன்னாரா?"

அவள் கைகள் நடுங்கின. இத்தனை மாதம் பக்கத்தில் இருந்தும் கணீரின் கை நடுங்கிக் குருவி பார்த்ததில்லை. நடுங்குகிற கை எப்படி இருக்கும், உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. நாக்கு நுனியில் இருந்தது. பயம் வந்தால் வாய் ஓயாமல் பேசுகிறவள் குருவி. இருப்பதையும் சொல்வாள், இல்லாததையும் சொல்வாள். இந்த ஒரு வரியைச் சொன்னால் தன் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். ஆனால் நாளையிலிருந்து இந்த மேசையில் வேறு யாருடனோ விரிப்பைப் பிடித்து நிற்கப்போகிறவள், ஒவ்வொரு முனையைச் சேர்க்கும்போதும் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நல்லது செய்யப் போனவளின் தலையில் அதை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார முடியுமா?

குருவி மேலங்கியின் முடிச்சை அவிழ்த்தாள். அதை மடித்து மேசை ஓரத்தில் வைத்தாள். இயந்திரத்திலிருந்து அப்போதுதான் வந்த துவாலை ஒன்றை எடுத்து, சூடு ஆறுவதற்குள் கணீரின் இரண்டு கைகளையும் அதற்குள் வைத்துச் சுற்றி, மேலே தன் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கணீர் பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருவி கையை எடுத்தாள். ஆணியில் தொங்கிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழுக்கு மூட்டைகளை ஒதுக்கிக்கொண்டு நடந்து, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போனாள்.