அடுத்த கடை

தங்கை தலையணையை உருவியதுதான் தாமதம், அக்கா அலறிவிட்டாள். வெறும் பஞ்சுத் தலையணை. புற்றுநோய் எலும்புவரை இறங்கியிருந்ததால் அந்த அசைவுகூட முதுகில் போய் இடித்தது.

“வலிச்சுதாக்கா?”

“இல்லடி, பாடிப் பார்த்தேன்.”

அக்கா தையல்காரி. தொழிலுக்கும் நாக்குக்கும் சேர்த்துத் தெருவே அவளைக் ‘கத்திரி’ என்றுதான் கூப்பிட்டது. நாக்கு மட்டும் இன்னும் மழுங்கவில்லை.

தாங்கமுடியாத கட்டம் வந்தால் தூங்கவைத்துவிடுகிறேன், கடைசிவரை வலி தெரியாது என்று பெரிய டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் வெளியூரில் இருந்தார், மறுநாள்தான் வருவார். கூப்பிட்டால் அவர் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் இருந்தது டாக்டரம்மா ஒருவர்தான்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். பஞ்சை நனைத்து அக்காவின் உதட்டைத் தானே துடைத்துவிட்டார். வலிக்கான மருந்தைத் தன்னால் ஆன மட்டும் ஏற்றினார். அதற்குமேல் கேட்டதும் தங்கையை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

“தூங்க வச்சா திரும்ப எழுந்திரிக்க மாட்டாங்கம்மா. எனக்கு அது கொல்றது மாதிரிதான். என் கையால முடியாது.”

“தப்பில்லன்னு பெரிய டாக்டர் சொன்னாரே?”

“அவர் மனசாட்சி அவருக்கு. என்னோடது இடம் குடுக்கல.”

“அப்ப வேற யாரையாவது கூப்பிடுங்களேன்.”

“கூப்பிட்டுப் பார்த்துட்டேன். யாரும் கிடைக்கல. வேற ஆஸ்பத்திரிக்குன்னா எழுதித் தர்றேன்.”

வண்டியில் ஏற்றினால் வழியில் வரும் ஒவ்வொரு பள்ளமும் ஒரு எலும்பைக் கேட்கும். இருவருக்கும் அது தெரியும். டாக்டரம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. சண்டை போடத்தான் தங்கை கூட வந்திருந்தாள். அந்தக் கண்களோடு எப்படிச் சண்டை போடுவது? காலில் விழலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விழுந்தாலும் அவர் கூடவே உட்கார்ந்து அழுவார், அவ்வளவுதான்.

தங்கை உள்ளே திரும்பியதும், “என்னவாம்?” என்றாள் அக்கா.

“மனசாட்சி இடம் குடுக்கலையாம்.”

அக்கா சிரிக்கப் பார்த்தாள். பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“நானும் அப்படித்தானடி. செத்தவங்க துணியில கத்திரி வைக்கமாட்டேன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். அம்மா சேலையில பிள்ளைக்குச் சட்டை தைக்கணும்னு ஒருத்தி அழுதுகிட்டே நின்னா. முடியாதுன்னா முடியாதுன்னுட்டேன்.”

மூச்சு வாங்கியது. தங்கை நெற்றியைத் துடைத்தாள்.

“ஆனா அவ எழுந்து அடுத்த கடைக்கு நடந்து போனா. எனக்கு அடுத்த கடை எங்கடி இருக்கு?”

அதற்குப் பிறகு அவள் கேலி பேசவில்லை. துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தாள். அவள் பிடியில் தங்கையின் விரல்கள் வெளுத்துப்போயின. டாக்டரம்மா வந்து வந்து பார்த்தார். நாடி பிடித்தார், போர்வையைச் சரிசெய்தார், போனார். அலறல் முனகலானது. விடியும்போது அதுவும் நின்றது.

வெயில் ஏறியபின் பெரிய டாக்டரின் போன் வந்தது. “இதோ கிளம்பிட்டேன்மா. அக்காவைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு.”

“சரிங்க” என்று தங்கை வைத்துவிட்டாள்.

உடலைத் துடைத்து உடை மாற்ற நர்ஸ் கத்தரிக்கோலோடு வந்தாள். அக்கா தனக்கென்று தானே தைத்துக்கொண்ட நைட்டி. வீங்கிய கையில் இறுகிப்போயிருந்தது.

“வெட்டி எடுத்துடலாம்மா. கழட்ட வராது.”

“வெட்டாத. நான் பிரிச்சுக்கிறேன்.”

அக்காவின் பைக்குள் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். தங்கை அதை எடுத்து, தோள் தையலை ஒவ்வொன்றாக நெம்பினாள். நெருக்கமான தையல். லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. துணி நழுவிக்கொண்டே இருந்தது. நர்ஸ் சலித்துக்கொண்டு வெளியே போனாள்.

வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய டாக்டரம்மா வாசலில் நின்றார். பிறகு கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து, துணியின் மறு ஓரத்தைப் பிடித்தார்.

தங்கை நிமிரவில்லை.

“கொஞ்சம் இழுத்துப் பிடிங்க” என்றாள். அடுத்த தையலுக்குள் ஊசியை விட்டாள்.