மூன்றால் போகும் பகா எண்

பேராசிரியருக்குத் தன் நிழல்மேலும் சந்தேகம். நாலு வருடம் கணினியை ஓட்டி அவர் பிடித்த பகா எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத பெரிய எண், பித்தளைத் தகட்டில் ஏறிக் கணிதத் துறை வாசலில் தொங்க வேண்டும். திறப்பு விழாவுக்கு முன் எவனாவது திருடிவிட்டால்? ஆகவே எண்ணை இரண்டாக அறுத்து, திங்கட்கிழமை ஒரு சீட்டு, புதன்கிழமை ஒரு சீட்டு என்று எழுத்து வெட்டும் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வெட்டி முடியும்வரை பட்டறையில் ஸ்டூல் போட்டுக் காவல் இருந்து, சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தார். மொத்தம் எத்தனை இலக்கம் என்பதுகூட ரகசியம்.

தகடு வெட்டுபவருக்கு ஒரு பழக்கம். எந்த எண்ணை வெட்டினாலும் சீட்டிலுள்ள இலக்கங்களைக் கூட்டுவார், தகட்டிலுள்ளதையும் கூட்டுவார். இரண்டும் ஒத்தால்தான் மெருகு. கல்லூரிப் பலகை வேலையெல்லாம் அவரிடமே வந்ததற்கு அதுதான் காரணம். சீட்டுகளில் தொண்ணூற்றுநாலு, தொண்ணூற்றைந்து. தகட்டில் நூற்றெண்பத்தொன்பது. சரி.

மெருகுத்துணியை எடுத்த கை நின்றது. நூற்றெண்பத்தொன்பது மூன்றால் போகுமே! கூட்டுத்தொகை மூன்றால் போனால் எண்ணும் போகும். முட்டி வீங்க அடிவாங்கிப் படித்த பாடம்.

மறுநாள் தகட்டைப் பார்க்க வந்தவரிடம் மெல்லச் சொன்னார். "சார், இது மூணால போகுது."

பேராசிரியர் கதவைச் சாத்தினார். "உன்னை யார் அனுப்பினது? புள்ளியியல் துறையா?"

"பள்ளிக்கூடத்துல படிச்சதுங்க."

"அதெல்லாம் கடைத்தெரு எண்ணுக்கு. நாலு வருஷம் ஓட்டிப் பார்த்த எண் மூணால போகாது. நீதான் தப்பா வெட்டியிருக்கே. நாளைக்கு விழாவுல என் மானம் போச்சுன்னா, இனிமே கல்லூரி வேலை ஒண்ணுகூட உனக்குக் கிடையாது."

வெட்டுபவரிடம் சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. தகட்டையே முறைத்தார். முதல் பாதி ஏழில் முடிந்தது. இரண்டாம் பாதி ஏழில் தொடங்கியது.

"சார், நடுவுல ஏழு ரெண்டு தடவை வருதா?"

பேராசிரியர் சுவர்ப்பக்கம் திரும்பி, பனியனுக்குள்ளிருந்து முழு எண் எழுதிய தாளை எடுத்துக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எந்த இடத்துல ஒட்டணும்னு தெரியறதுக்காக, முதல் சீட்டோட கடைசி இலக்கத்தையே ரெண்டாவதுலயும் முதல்ல போட்டேன்."

"என்கிட்ட சொல்லலியே."

"சொல்லிட்டா அப்புறம் என்ன ரகசியம்?"

வெட்டுபவர் ஒரு ஏழைக் கழித்தார். நூற்றெண்பத்திரண்டு. மூன்றால் போகவில்லை.

"பித்தளையில அழிக்க முடியுங்களா?" 'நீ' மறைந்து 'ங்க' வந்திருந்தது.

"முடியாதுங்க. அது மேல ஒரு திருகாணியை உக்கார வைக்கலாம்."

விழாவில் கல்லூரி முதல்வர் கேட்டார், "நடுவுல திருகாணி எதுக்கு?"

"பாதுகாப்பு ஏற்பாடு" என்று சொல்லி, பேராசிரியர் முதல்வரை ஏற இறங்கப் பார்த்தார். எல்லோரும் கைதட்டினார்கள். போகிறபோக்கில் பேராசிரியர் வெட்டுபவரிடம் இன்னும் ஆறு பலகைக்குச் சொல்லிவிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

வெட்டுபவரின் வீட்டில் மனைவி சோறு போட்டபடி, "ஆறு பலகையாமே, நல்லதுதான். ஆமா, அந்தத் திருகாணி எதுக்குங்க?" என்றாள்.

அவர் பிசைந்த கையை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்குக் கேக்கறே?"