புதனும் வியாழனும் அவருக்கு

ரயில் நிலைய அறிவிப்பாளர் பேச்சை இழந்து மூன்றாம் மாடியில் சேர்க்கப்பட்டதற்கு மறுநாள் காலையிலிருந்து, அவருடைய சொற்கள் மற்ற நோயாளிகளின் வாயில் வரத் தொடங்கின. முதலில் வந்தது "தயவுசெய்து". கால் முறிந்து கிடந்த லாரி டிரைவர் தட்டை எடுத்துப்போகச் சொல்ல வாயைத் திறந்தபோது, அந்த ஒரு சொல் மட்டும் தெளிவான, சற்றே மூக்கடைத்த பெண் குரலில் வெளியே வந்தது. அவர் யாரிடமும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியவர் இல்லை என்பதால் அவர் மனைவிதான் முதலில் பயந்துபோனாள். மதியத்துக்குள் பித்தப்பைக் கல்லோடு காத்திருந்தவரிடம் "நடைமேடை" வந்து சேர்ந்தது. இரண்டு படுக்கை தள்ளி இருந்த கணக்கு வாத்தியார் "தாமதமாக" என்று சொல்லிவிட்டு இருமினார். குரல் யாருடையது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. இருபத்திரண்டு வருடமாக ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தது.

அறிவிப்பாளருக்கு மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. வலது கை துவண்டுவிட்டது. மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில் சொல்லத்தான் சொல் இல்லை. போன சொற்கள் எங்கே போகும் என்பது தங்கள் படிப்பில் வராது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். தலைமை நர்ஸ் ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்து, எந்தச் சொல் எந்தப் படுக்கையில் இருக்கிறது என்று குறித்து வைத்தார். அதற்கு மேல் யாரும் பரபரப்படையவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் கிட்டாரோடு வருகிற ஒரு பெண் அந்த மாடியில் உண்டு. அவர் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் இசை சிகிச்சையாளர் என்று இருந்தது, வார்டில் அவரைக் கிட்டாரம்மா என்பார்கள். பொழுதுபோக்குக்கு வாசிப்பவர் அல்ல. மூச்சு முட்டுகிறவரின் மூச்சுக்குச் சமமாக வாசிக்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாளத்தைத் தளர்த்தி, அவரையும் கூடவே இறக்கிக் கொண்டுவருவார். பேச்சு போனவர்களுக்குப் பல சமயம் பாட்டு மிஞ்சியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அறிவிப்பாளரின் இடது கையைப் பிடித்து மெல்லத் தட்டிக்கொண்டே, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டே சுரத்தில் பாட வைத்தார். கட்டிலின் மறுபக்கம் ஸ்டூல் போட்டு லாரி டிரைவரை உட்கார வைத்தார். மூவரும் "தயவுசெய்து" என்பதை இழுத்து இழுத்துப் பாடினார்கள். நான்காவது முறை டிரைவரின் தொண்டையில் அது தேய்ந்து, அறிவிப்பாளரின் வாயில் முழுசாக எழுந்தது. "பல்லு விழுந்த மாதிரி இருக்கு," என்றார் டிரைவர், நாக்கால் கன்னத்தைத் துழாவியபடி.

இப்படி ஆறு வாரம் சொற்கள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. இதில் யாரும் எதிர்பாராதது ஒன்று நடந்தது. சொல் வைத்திருந்தவர்கள் தங்கள் நோயைக் கொஞ்சம் மறந்தார்கள். அடுத்தவர் பொருளைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு அவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. பித்தப்பைக்காரர் ஆபரேஷன் அறைக்குப் போகும் வழியெல்லாம் "நடைமேடை, நடைமேடை" என்று அந்தக் குரலில் சொல்லிக்கொண்டே போனார், நாடித்துடிப்பு சீராகவே இருந்தது.

அறிவிப்பாளரைப் பார்க்கத் தினமும் வந்தவர் அவருடைய மூத்த சகோதரி. சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவர். வந்தவுடன் படுக்கை விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் உட்காருவார். இருவரும் பேசிப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. அவர்களுடைய அம்மா சாகக் கிடந்தபோது, தங்கை வந்து சேரும்வரை காத்திராமல் மூத்தவர் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டார். அம்மா ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டார். தங்கை அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவர்தான். இப்போது தங்கைக்குத் "தண்ணீர்" வந்துவிட்டது, "ஜன்னல்" வந்துவிட்டது, எண்கள் எல்லாம் வந்துவிட்டன, "அக்கா" மட்டும் வரவில்லை. கிட்டாரம்மா எத்தனை தட்டியும் அந்த இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மூத்தவர் அவரை நடையில் நிறுத்திக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அவளுக்கு வரலையா, இல்ல வரவழைக்க மாட்டேங்கறாளா?"

"தெரியலம்மா. நிஜமாவே தெரியல."

அடுத்த செவ்வாயன்று அது தெரிந்தது. மாடியின் மறுகோடியில் மருந்து ஏற்றும் அறை. அங்கே வாரத்துக்கு இரண்டு நாள், புதனும் வியாழனும், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர் ஒரு மரமில் தொழிலாளி. ரம்பக்காரர் என்று பெயர். இடது கையில் விரல் மூன்றுதான். அதிகம் பேசமாட்டார், பார்க்க ஆளும் வருவதில்லை. முந்தைய வாரத்து மருந்தின் குமட்டல் இன்னும் விடாததால் அங்கேயே படுத்திருந்தார். கிட்டாரம்மா அவருடைய மூச்சுக்கு வாசித்துக்கொண்டிருந்தபோது குமட்டல் வந்தது. அவர் கண்ணை மூடி "அக்கா" என்றார், அறிவிப்பாளரின் குரலில். தந்தியின் மேல் கிட்டாரம்மாவின் கை நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இது உங்ககிட்ட இருக்கு?"

"அவங்க வந்த வாரத்துலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எடுத்துட்டுப் போயிடுவீங்க." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "என்னை வளர்த்தது எங்கக்காதான். அவ போய் முப்பது வருஷமாச்சு. அப்புறம் இந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு ஆள் இல்ல. இப்ப அதுவா வந்து வாயில உக்காந்திருக்கு. பிரட்டும்போது சொன்னா அடங்குது. வேற எதுக்கும் அடங்கல."

கிட்டாரம்மா அதை எடுக்கவில்லை. நர்ஸின் நோட்டிலும் எழுதவில்லை. ஆனால் நடையில் நின்று மூத்தவர் கேட்ட கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. வெள்ளிக்கிழமை ரம்பக்காரரிடம் வந்து, "அந்த அக்காகிட்ட சொல்லட்டுமா? எடுக்கறதுக்கு இல்ல, இங்க இருக்குன்னு சொல்றதுக்கு," என்று கேட்டார். அவர் மருந்துக் குழாய் குத்திய தழும்புகளைத் தடவிவிட்டுச் சரியென்று தலையாட்டினார்.

விஷயம் தெரிந்த மூத்தவர் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, ரம்பக்காரருக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் கழித்து ரம்பக்காரருக்கு முகம் வெளிறியது, வாந்திப் பேசினை இழுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு "அக்கா" என்றார்.

"என்னடி," என்றார் மூத்தவர், யோசிக்காமல்.

மீசை வைத்த ரம்பக்காரர் பேசினுக்கு மேல் குலுங்கிச் சிரித்தார். குமட்டல் வந்த வழியே போய்விட்டது. மூத்தவர் சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "அவகிட்டயேதான் இருந்திருக்கு. பதினொரு வருஷமும் தூக்கிப் போடல," என்றார். பிறகு ரம்பக்காரருடைய போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டார். "நீயே வெச்சுக்கப்பா. உனக்குத்தான் இப்ப வேணும். எனக்கு இது தெரிஞ்சது போதும்."

இது ரம்பக்காரருக்குத் தாங்கவில்லை. திருப்பிக் கேட்டுக் கெஞ்சியிருந்தால் மறுத்திருப்பார். வெள்ளிக்கிழமை சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, மறுகோடி வரை தானே வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "எடுத்துக்கோங்க," என்றார் அறிவிப்பாளரிடம். கிட்டாரம்மா இடது கையைத் தட்டினார். 'அக்' கீழே, 'கா' மேலே. ஏழு முறை ஆயிற்று, அது ரம்பக்காரரிடம் ஆழமாக வேர்விட்டிருந்தது. எட்டாவது முறை அறிவிப்பாளர் கட்டிலின் கால்மாட்டில் நின்ற மூத்தவரைப் பார்த்து அதைச் சொன்னார். மூத்தவர் கையெழுத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார், பதினொரு வருடம் ஒத்திகை பார்த்த வாக்கியமாக இருக்க வேண்டும். தங்கை இடது கையை உயர்த்தி நிறுத்தினார். அவருக்கு வாக்கியங்கள் இன்னும் பாட்டாகத்தான் வந்தன. "நா-னும் போட்-டிருப்-பேன்," என்று மேலும் கீழுமாகப் பாடினார். வார்டில் எல்லாரும் கேட்டார்கள். ரம்பக்காரர் எழுந்து, வந்த வழியே சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார்.

மறு செவ்வாயன்று கிட்டாரம்மா வந்தபோது அறிவிப்பாளர் சக்கர நாற்காலியில் தயாராக இருந்தார். மறுகோடியைக் கைகாட்டினார். அங்கே போய், ரம்பக்காரரின் மூன்று விரல் கையைத் தன் இடது கையால் தட்டி, அவரே பாடிச் சொல்லைத் திருப்பிக் கொடுத்தார். மருந்து நாளுக்கு மட்டும் என்பதை விரல்விட்டுக் காட்டினார். அதிலிருந்து அந்தச் சொல் புதனும் வியாழனும் ரம்பக்காரரிடமும், மற்ற ஐந்து நாள் அறிவிப்பாளரிடமும் இருந்தது. தலைமை நர்ஸ் அதை ட்யூட்டி அட்டவணைக்குக் கீழேயே ஒட்டிவைத்தார். அந்த இரண்டு நாளும் தங்கை மூத்தவரை "இந்தா" என்று கூப்பிடுவார். மூத்தவர் அதற்கும் திரும்பினார்.

ஏழு மாதத்தில் அறிவிப்பாளர் வேலைக்குத் திரும்பினார். அறிவிப்புகளில் லேசாக ஒரு ராகம் ஒட்டிக்கொண்டிருந்தது, பயணிகள் குறை சொல்லவில்லை. செவ்வாயன்று வேலை முடிந்து மூன்றாம் மாடிக்குப் போய்ச் சொல்லைக் கொடுத்துவிட்டு, வெள்ளி காலையில் வாங்கிவந்தார். ரம்பக்காரர் இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். டாக்டர்கள் சொன்ன கெடுவைவிட அது பதினாறு மாதம் அதிகம். மூத்தவர் புதன்கிழமைகளில் அரை நாள் வந்து அந்த இரும்பு நாற்காலியில் இருந்தார். ரம்பக்காரர் கூப்பிட்டபோதெல்லாம் "என்னடி" என்றார், அதை "என்னடா" ஆக்கவேயில்லை.

அந்த இரண்டு வருடத்தின் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும் வண்டியைப் பற்றி அறிவிப்பாளர் சொல்லிக்கொண்டிருந்தார். வாக்கியத்தின் நடுவில், தன்னிடம் இருக்கக் கூடாத நாளில், "அக்கா" என்ற சொல் அவர் வாய்க்கு வந்து ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் ஒலித்தது. நடைமேடைகளில் நின்ற பெண்களில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அறிவிப்பாளர் மைக்கை அணைக்காமல் ஒரு மூச்சு இழுத்து, வண்டி எண்ணை மறுபடி சொல்லி வாக்கியத்தை முடித்தார். வண்டி குறித்த நேரத்துக்குப் புறப்பட்டது.